பழுதுற்ற கணினியும் பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசாங்கப் பணத்தில் வாங்கி மாணவர்க்கு வழங்கும் மடிக்கணினியாயினும் சரி, கடைவீதியில் நாம் காசு கொடுத்து வாங்கும் கணினியாயினும் சரி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வரையில்தான் அது பார்வையற்றவனோடு பேசுகிறது. பழுதுற்று எழ மறுக்கும்போது, பேச்சுத் துணை மிகுதியும் வேண்டியிருக்கும் அந்த வேளையிலேயே, வாய்மூடி விடுகிறது. சட்டம் வேறு விதமாக விதித்திருந்தும் இந்நிலை நீடிப்பதைக் கண்டித்து, திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதி ஜீவனம் செய்யும் பார்வையற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விஷயத்தைச் சிறிது விளக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கி, அவரைப் போன்றே பார்வையற்றவரான ஜேம்ஸ் டேயும் உடன் சேர்ந்து வளர்த்து, உலகுக்கு இலவசமாக அளித்த என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான், திரையிலுள்ளதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்துச் சொல்கிறது. அதன் உபகாரத்தால் பில் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வது, சனிக்கிழமைச் சம்பளப் பட்டியல் தயாரிப்பது முதலிய காரியங்களைப் பிறர் துணையின்றியே செய்து வருகிறேன். ஆனால் இத்திரைவாசிப்பான் விண்டோஸ் எழுந்த பிறகே தானும் எழக்கூடியது. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையும், கோளாறு நேர்ந்தால் தோன்றும் நீலத் திரையும் அதன் எல்லைக்குப் புறம்பானவை.

இதன் விளைவு என்ன என்பதை அனுபவத்தில் கண்டேன். சம்பள நாளொன்றில், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்துக் கரண்ட் போயிற்று, யு.பி.எஸ். சிறிது நேரம் கூவி ஓய்ந்தது. கரண்ட் வந்த பின் கணினியை இயக்கினால் காற்றாடியின் இரைச்சல் கேட்டதே தவிர, வழக்கமான குரல் வரவில்லை. செக்கிங் டேபிளிலிருந்த அம்மாள் ஒருவர் வந்து, திரையில் கண்ட ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அது கணினியின் வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது என்று தெரிந்தது. கைப்பேசியில் சேமித்திருந்த அந்த எண்ணை ஆறாறு இலக்கமாகக் கேட்டுத் தட்டினேன். தட்டியது சரிதானா என்பதை அந்த அம்மாள் சொல்லித்தான் அறிய வேண்டியிருந்தது. கம்பெனியின் கணக்கு முழுவதையும் காக்கும் ரகசிய எண், இவ்வாறு இன்னொருவர் கண்முன் அம்பலமாயிற்று. அப்பால் தோன்றிய திரைகளில் எதை அழுத்துவது என்று கேட்கப் பழுது பார்க்கும் நிலையமொன்றுக்குப் பேசினால், “கண்ணுத் தெரியறவங்க யாராச்சும் பக்கத்துல இருந்தா போனை அவங்ககிட்டக் குடுங்க சார்” என்பதே மறுமொழி. உதவியவரின் நல்லெண்ணத்துக்கு நான் கடமைப்பட்டவன். எனினும், தன் தொழிற்கருவியைத் தானே சீர்செய்துகொள்ளும் சுதந்திரம், மற்றவர் தயவில் நிற்க வேண்டிய பொருளன்று.

இது யாரோ ஒருவனுக்கு என்றோ நேரும் விபத்து என்று எவரும் தள்ளிவிட முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி, உலகெங்கும் 85 லட்சம் கணினிகள் முடங்கின; நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குக் கூறப்பட்ட நிவாரணமோ, கணினியைச் சேஃப் மோடிலோ மீட்புச் சூழலிலோ எழுப்பி, குறிப்பிட்ட கோப்பொன்றைத் தேடி அழிக்க வேண்டும் என்பது. பார்வையுள்ள பொறியாளர்களே திணறிய அந்த வேலையை, பேசாத திரையின் முன் அமர்ந்த பார்வையற்ற ஊழியர் எவ்வாறு செய்திருப்பார் என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்ய இயலாத காரியம் என்ற சமாதானமும் செல்லாது. ஆப்பிள் மேக் கணினிகளின் மீட்புத் திரையிலேயே வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானைப் பேச வைக்கலாம். தன்னார்வலர்கள் உருவாக்கி இலவசமாக அளிக்கும் டெபியன் லினக்ஸை நிறுவத் தொடங்கினால், ஒரு பீப் ஒலி எழுகிறது. எஸ் விசையையும் என்டரையும் அழுத்தினால், அங்கிருந்து முடிவு வரை பேச்சு உடன் வருகிறது. விண்டோஸை நிறுவும்போதும் அதனுடன் வரும் நாரேட்டர் என்னும் திரைவாசிப்பானை அழைக்க வழியுண்டு. ஆனால் அந்தக் கணினியின் ஒலிப்பகுதிக்குரிய டிரைவர் அங்கே இல்லாவிடில் அழைத்தும் பிரயோஜனமில்லை. தன்னார்வலர்களால் ஆனது பெருநிறுவனங்களால் ஆகாது என்றால், குறை ஆற்றலில் இல்லை, அக்கறையில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

சட்டமோ தெளிவாக இருக்கிறது. அன்றாட உபயோகத்துக்குரிய மின்னணுப் பொருள்கள் யாவரும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கென்று ஐ.எஸ். 17802 என்ற தரநிர்ணயத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டிருக்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நில்லாமல் கட்டாயமாக வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்பளித்தார்கள். இவ்வளவும் இருந்தும், கணினி எழுவதற்கு முன்னுள்ள திரைகள் பெரும்பாலும் ஊமையாகவே இருக்கின்றன.

வாங்குகிறவர் நிபந்தனை விதித்தால் விற்கிறவர் வழிக்கு வருவார் என்பதைத் திருப்பூர்க்காரருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 1990-களில் ஜெர்மனி தீங்கான அசோ சாயங்களைத் தடுத்தபோது, பையர் கேட்டதற்கேற்ப நம் சாயப்பட்டறைகள் சாயத்தை மாற்றிக்கொண்டன. ஆர்டரில் நிபந்தனையாக எழுதப்பட்டதால் அது நடந்தது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த தமிழக அரசு, இந்நாட்டின் மிகப் பெரிய பையர்களுள் ஒன்றல்லவா?

ஆகவே, அரசு கணினி கொள்முதல் செய்யும் ஒவ்வொரு டெண்டரிலும், பயாஸ் முதல் மீட்புத் திரை ஈறாக எல்லாத் திரைகளும் பேச வேண்டும் என்பதையும், பார்வையற்ற பரிசோதகர் ஒருவர் துணையின்றிக் கணினியை மீட்டுக் காட்டிய பிறகே சரக்கை ஏற்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்குமாறு கோருகிறேன். மத்திய அரசு வகுக்கும் கட்டாய விதிகளிலும் இது பெயர் சுட்டி இடம்பெற வேண்டும். விற்பனைக்குப் பின் உதவி செய்யும் நிலையங்கள், பார்வையற்ற வாடிக்கையாளருக்கு விசை விசையாக வழிசொல்லும் பயிற்சியைத் தம் ஊழியருக்கு அளிக்கக் கடமைப்பட்டவை என்பதும் அவ்விதிகளில் வரவேண்டும். தங்கள் பத்திரிகை இதனைச் சம்பந்தப்பட்ட அமைச்சர்களின் கவனத்துக்குக் கொண்டு செல்லும் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கணக்கர் ஒருவர்,
வேலம்பாளையம், திருப்பூர்.