பெயரைக் கேட்டு முகவரியை அறிவோம்



இந்த மாதம் கணினி சம்பந்தப்பட்ட ஒரு விடயத்தைப் பார்ப்போம். "கணினிக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, வாக்காளர் இடாப்பு, வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையங்களின் விபரம், உதவித் திட்டங்களுக்கான விண்ணப்பம் என்று பலவும் இன்று இணையத்தளங்களில்தான் கிடைக்கின்றன. தளம் திறக்காதபோதும், யாரோ அனுப்பிய இணைப்பு உண்மையானதா என்று சந்தேகம் வரும்போதும் கடைக்காரரும் இடைத்தரகரும் சொல்வதையே நம்பவேண்டிய நிலையில் நாம் இருக்கின்றோம். "தளம் வேலை செய்யவில்லை, என்னிடம் பணம் தாருங்கள், எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை நாமே விசாரித்து அறிய ஓர் எளிய வழி உண்டு.

பெயரும் இலக்கமும்

ஒரு தளத்தை வைத்திருக்கும் கணினிக்கு ஓர் இலக்க முகவரி இருக்கும். மனிதருக்கு இலக்கங்கள் நினைவில் நிற்பதில்லை என்பதால் பெயர் வைத்தார்கள். கைத்தொலைபேசியில் "உம்மா" என்ற பெயரைத் தொட்டால் அழைப்பு அவரது இலக்கத்துக்குப் போவது போல, தளத்தின் பெயரைத் தட்டினால் அதற்குரிய இலக்கத்தைத் தேடித் தரும் ஒரு பதிவேட்டு முறை இணையத்தில் இருக்கின்றது. அதன் பெயர் டீ.என்.எஸ்.

ஆரம்ப காலத்தில் இந்தப் பெயர்ப் பட்டியலை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு சிறு குழு ஒரே கோப்பாகப் பேணி வந்தது. அக்குழுவின் தலைவி எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி. புதிய கணினியின் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களுக்குத்தான் அறிவிக்க வேண்டும். கணினிகள் பெருகியபோது ஒரே கோப்பு போதாமல் போயிற்று. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் பதிவேட்டைப் பல இடங்களுக்குப் பகிர்ந்து வைக்கும் இன்றைய முறையை வகுத்தார்.

இலங்கைக்குரிய "எல்கே" என்ற முடிவு 1990இல் இந்த உலகப் பதிவேட்டில் சேர்ந்தது. அதே வருடம் ஒக்டோபரில்தான் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்து சுமார் 75 ஆயிரம் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் நமது புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தார்கள். ஒரு பதிவேட்டில் பெயர் எங்கே இருக்கின்றது என்பதன் பெறுமதியை நமது வாசகியருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆள் இங்கே, பெயர் மன்னாரிலே என்றால் எத்தனை காரியாலயங்களுக்கு ஏறி இறங்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். இணையத்திலும் அப்படித்தான். தளம் நல்ல நிலையில் இருந்தாலும் பதிவேட்டில் பெயர் பிழைத்துவிட்டால் அங்கே ஒருவரும் போய்ச் சேர முடியாது.

இது நம் நாட்டிலேயே நடந்தது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகுள் நிறுவனத்தின் இலங்கைப் பெயர் உட்பட "எல்கே" என்று முடியும் சில பெயர்களைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை முதலான விடயங்கள் எழுதப்பட்டிருந்தன. கூகுளின் கணினிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பதிவேட்டில் இருந்த முகவரிகளைத்தான் யாரோ மாற்றியிருந்தார்கள். அன்றைய தினமே அது சரிசெய்யப்பட்டது.

பதிவேட்டிடம் கேட்பது எப்படி?

கணினி வகுப்பிலோ பிள்ளையின் மடிக்கணினியிலோ இதனைச் செய்து பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் ஆரம்பப் பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் சீ, எம், டீ என்ற மூன்று எழுத்துக்களைத் தட்டி, "என்டர்" விசையை அழுத்துங்கள். கறுப்பு நிறப் பெட்டி ஒன்று திறக்கும். பயப்பட வேண்டாம். நாம் கேள்வி மட்டுமே கேட்கப்போகின்றோம். அதனால் எதுவும் அழிந்துவிடாது.

அதில் என், எஸ், எல், ஓ, ஓ, கே, யூ, பி என்ற எட்டு ஆங்கில எழுத்துக்களையும் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, அறிய வேண்டிய தளத்தின் பெயரைத் தட்டி "என்டர்" விசையை அழுத்துங்கள். பரீட்சைத் திணைக்களம் என்றால் "டொனெட்ஸ் டொட் எல்கே".

பதிலின் முதல் இரண்டு வரிகள் பதில் சொல்பவர் யார் என்பதைக் காட்டும். அது பெரும்பாலும் நமது இணைய இணைப்பு நிறுவனத்தின் கணினி அல்லது வீட்டிலுள்ள இணைப்புக் கருவி. அதற்குக் கீழே வருவதுதான் நமக்குத் தேவையான பதில்.

1. பெயரும் இலக்க முகவரியும் வந்தால், பெயர் பதிவேட்டில் இருக்கின்றது என்று அர்த்தம். அப்படியிருந்தும் தளம் திறக்கவில்லையா? பெறுபேறு வெளியாகும் நாளில் ஒரே நேரத்தில் எல்லோரும் போவதால் வாசலில் நெரிசலாக இருக்கலாம். பணம் கொடுத்தால் நெரிசல் குறையாது. சற்றுப் பொறுத்து மீண்டும் முயன்றால் போதும்.

2. "நொன் எக்சிஸ்டன்ட் டொமைன்" என்று வந்தால், அப்படியொரு பெயரே இல்லை என்று பொருள். முதலில் எழுத்துப் பிழை உண்டா என்று பாருங்கள்.

3. "டைம்ட் அவுட்" என்று வந்தால், நாம் கேட்ட கணினி பதில் தரவில்லை. தளப் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று சேர்த்துத் தட்டுங்கள். அது கூகுளின் பதில் சொல்லும் கணினி. அங்கே பதில் கிடைத்தால் தளத்தின் பெயர்ப் பதிவில் கோளாறில்லை, நாம் முதலில் கேட்ட கணினியிலோ அதற்கான நமது இணைப்பிலோதான் கோளாறு.

இரண்டு இடங்களில் கேட்கும்போது வெவ்வேறு இலக்கங்கள் வந்தால் உடனே மோசடி என்று எண்ணிவிட வேண்டாம். பெரிய நிறுவனங்களுக்குப் பல முகவரிகள் இருப்பது வழமை.

பெயரைக் கடைசியிலிருந்து வாசியுங்கள்

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெயர் பதிவேட்டில் இருக்கின்றது என்பதற்காக அதன் சொந்தக்காரர் நேர்மையானவர் என்று ஆகிவிடாது. ஏமாற்றுபவரும் பணம் கட்டிப் பெயர் பதியலாம். ஆகவே பெயரை வாசிக்கவும் பழக வேண்டும்.

"கனமூலை, மதுரங்குளி, இலங்கை" என்று கடிதத்தில் எழுதும்போது கடைசியில் வருவதே பெரிய இடம். தளப் பெயரும் அவ்வாறே. "கவ் டொட் எல்கே" என்று முடியும் பெயர்கள் அரச நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. அந்த எழுத்துக்கள் நடுவில் இருந்து, கடைசியில் "டொட் கொம்" என்றோ வேறு விதமாகவோ முடிந்தால் அது அரச தளம் அல்ல. நீண்ட இணைப்பாக இருந்தால், பெயருக்குப் பின்வரும் முதலாவது சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளதை மட்டுமே பெயராகக் கொள்ளுங்கள். வெறும் "எல்கே" என்று முடியும் பெயரைத் தனியாரும் பெறலாம் என்பதால் அதனை மாத்திரம் நம்பி அடையாள அட்டை இலக்கத்தையோ வங்கிக் கணக்கு விபரத்தையோ கொடுத்துவிடாதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் தொலைபேசியிலும் கேட்கலாம். அரச சேவைகள் பற்றி அறிய அரச தகவல் நிலையத்தின் 1919, வெளிநாட்டு வேலை பற்றி அறிய வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 ஆகிய இலக்கங்கள் உள்ளன. கடவுச்சீட்டை முகவரின் கையில் கொடுப்பதற்கு முன்னர் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

சகோதரிகளே, படிவத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்று தெரியாமல் கைநாட்டு வைத்த காலத்தை நமது தாய்மார் கடந்து வந்தார்கள். இணைப்பு எங்கே கொண்டுபோகின்றது என்று தெரியாமல் அதனைத் தொடுவதும் அதைப் போன்றதுதான். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு கணினியைச் சுற்றி நான்கு பேர் அமர்ந்து, மேலே சொன்னதை ஒரு தடவை செய்து பாருங்கள். கணினி படிக்கும் மகளையோ மகனையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விசைகளை நீங்களே அழுத்துங்கள்.