சான்றிதழுக்குப் பின்னால் ஒரு கணக்கு

மும்பையின் காட்கோபர் பகுதியில் 2024 மே 13 அன்று வீசிய புழுதிப் புயலில், பெட்ரோல் நிலையம் ஒன்றின் மீது மாபெரும் விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் உயிரிழந்தனர். பலகையின் அளவு 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவோ 40 அடிக்கு 40 அடி. விதிமீறல் குறித்தும், நிலம் எந்தத் துறையின் பொறுப்பில் இருந்தது என்பது குறித்தும் நிறையவே பேசப்பட்டது. அந்தப் பலகைக்கும் ஒரு பொறியாளர் வழங்கிய கட்டமைப்பு உறுதிச் சான்றிதழ் இருந்தது என்பது மட்டும் ஒருநாள் செய்தியாகக் கடந்து போனது. சான்றிதழ் ஒரு கணக்கின் கடைசி வரி. அதன் முதல் வரியில் என்ன எழுதப்பட்டிருந்தது என்று எவரும் கேட்கவில்லை.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு அஸ்திவாரக் கணக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். ஓய்வுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில், கட்டடங்கள் மீதான காற்றின் விசை குறித்து இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்டுள்ள ஐ.எஸ். 875 என்னும் விதிநூலின் மூன்றாம் பகுதியைச் சில வாரங்கள் வாசித்தேன். அறிமுகமில்லாத குறியீடுகள் முதலில் மிரட்டின. ஆனால் அடிப்படைச் சூத்திரம் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கக்கூடியது. காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் மீது விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைத்துவிடும்.

காட்கோபர் பலகையின் பரப்பு ஏறத்தாழ 1,340 சதுர மீட்டர். விதிநூல் மும்பைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்கு 158 கி.மீ. வடிவம், உயரம் சார்ந்த திருத்தங்களை ஒதுக்கிவிட்டுப் பெருக்கினால், பலகையைப் பக்கவாட்டில் தள்ளும் விசை சுமார் 160 டன் எடைக்குச் சமம். விபத்து நாளன்று காற்றின் வேகம் மணிக்கு 87 கி.மீ. என்றும், அந்த அஸ்திவாரம் தாங்கக்கூடியது 49 கி.மீ. வேகத்தை மட்டுமே என்றும் மும்பை வீர்மாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவன வல்லுநர்களின் ஆய்வு கூறியதாகச் செய்திகள் வெளியாயின. 87 கி.மீ. என்றால் 48 டன், 49 கி.மீ. என்றால் வெறும் 15 டன். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை; விசையோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. வர்க்கத்தின் குணம் அது.

பலகையின் நீளமும் உயரமும் மும்மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகும். தள்ளும் விசை செயல்படும் உயரமும் மும்மடங்காவதால், அஸ்திவாரத்தைப் புரட்டும் திருப்புவிசை 27 மடங்காகிறது. ‘அளவில் கொஞ்சம் கூடுதல், அபராதம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம்’ என்று நமது அலுவலகங்களில் சொல்லப்படும் சமாதானத்தை இந்த 27 உடன் வைத்துப் பார்க்க வேண்டும். பலகை பெரிதானால் விளம்பர வருவாய் பெருகுகிறது, அது உரிமையாளருக்கு. மண்ணுக்குள் மறையும் கான்கிரீட்டைக் குறைத்தால் செலவு மிச்சம், அதுவும் உரிமையாளருக்கே. சாயும்போது இழப்பு, கீழே பெட்ரோல் போட வந்தவருக்கு. புறவிளைவு என்று வகுப்பறையில் ஆலைப்புகையை உதாரணம் காட்டி விளக்குவோம். இது அதைவிடத் தெளிவான உதாரணம்.

விதிநூலில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடம் வேறொன்று. அடிப்படைக் காற்று வேகம் என்பது சராசரியாக 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை எட்டப்படும் வேகம். 50 ஆண்டு நிற்கும் ஒரு கட்டமைப்பு, தன் ஆயுளில் ஒருமுறையேனும் அந்த வேகத்தைவிடப் பலமான காற்றைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 63 சதவீதம். இதைத் தாண்டித் தாங்கவே தனியாகப் பாதுகாப்புக் காரணிகள் சேர்க்கப்படுகின்றன. மருத்துவமனை போன்றவற்றுக்கு 100 ஆண்டு எனக் கொண்டு வேகத்தை உயர்த்த வேண்டும். தற்காலிகக் கொட்டகைக்கு 5 ஆண்டு எனக் கொண்டு 30 சதவீதம் வரை குறைக்கலாம். குறைத்தால் அழுத்தம் பாதியாகிவிடும். அப்படியானால், நாற்சந்தியில் நிற்கும் விளம்பரப் பலகை தற்காலிகமா, நிரந்தரமா? உரிமம் சில ஆண்டுகளுக்கே என்பதால் தற்காலிகம் என்று ஒருவர் வாதிடலாம். உரிமம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படும் என்பது அனைவருக்கும் தெரியும். இங்கே தீர்மானிக்கப்படுவது எவ்வளவு ஆபத்தை யார் தலையில் வைக்கலாம் என்பது. பொறியாளர் ஒருவர் தனியே, வாடிக்கையாளரின் செலவுக் கணக்கை மனத்தில் கொண்டு எடுக்கக்கூடிய முடிவு அல்ல அது.

நமது மாநிலத்திலும் இந்த எண்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. கோவைக்கு வினாடிக்கு 39 மீட்டர்; சென்னைக்கு 50. வித்தியாசம் 11 என்று தோன்றும். வர்க்கப்படுத்தினால், கோவைக்குப் போட்ட வரைபடத்தைச் சென்னையில் அப்படியே நட்டால் அது எதிர்கொள்ள வேண்டிய அழுத்தம் 64 சதவீதம் அதிகம். குறைந்த காற்று வேகப் பகுதி என்பதால் ஆபத்து இல்லை என்றும் பொருளல்ல: 2023 ஜூன் மாதம் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே, பலகை பொருத்தும் பணியின்போது இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தனர்.

மின்கம்பங்களின் கணக்கு இன்னும் எளியது. நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 8 மீட்டர் கம்பத்துக்கு ஏறத்தாழ 1.33 மீட்டர். பாறை தட்டுகிறது, நேரமில்லை என்று ஒரு மீட்டரோடு நிறுத்திவிட்டால், மணற்பாங்கான நிலத்தில் பாடநூல் சூத்திரப்படி பக்கவாட்டுப் பிடிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நட்ட பிறகு அந்தக் குறையை எவர் கண்ணும் காணாது. 2018 கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் சாய்ந்து கிடந்த கம்பங்களை எண்ணினோம். எத்தனை, எவ்வளவு ஆழத்தில் நடப்பட்டிருந்தன என்ற கணக்கு பொதுவெளிக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இதே வர்க்க விதி, காற்றுக்குத் தொடர்பே இல்லாத ஓரிடத்திலும் ஆட்சி செய்கிறது. கொதிகலனிலோ இரசாயனக் கலனிலோ அழுத்தம் எல்லை மீறும்போது தானே திறந்து அதை வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வு. வால்வு சரியாக இருந்தால் போதாது. கலனையும் வால்வையும் இணைக்கும் குழாயில் உராய்வினால் இழக்கப்படும் அழுத்தம், வால்வு திறக்கும் அழுத்தத்தில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தொழில்துறையில் நிலைபெற்ற வரம்பு. மீறினால் வால்வு திறந்த கணமே அதன் வாயில் அழுத்தம் விழும்; வால்வு மூடும்; உடனே அழுத்தம் ஏறும்; மீண்டும் திறக்கும். இப்படிப் படபடவென அடித்துக்கொண்டே அது தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளும். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அளவு வாயு செல்லும்போது உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். அதாவது, வால்வைத் தொடாமலே அதைச் செயலிழக்கச் செய்துவிடலாம்.

1923 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025 இல் வந்த கொதிகலன்கள் சட்டம், ஏழு குற்றங்களுள் நான்குக்கு மட்டும் சிறைத் தண்டனையைத் தக்கவைத்து, மற்றவற்றை அபராதமாக மாற்றியிருக்கிறது. பாதுகாப்பு வால்வைச் செயலிழக்கச் செய்வது அந்த நான்கில் ஒன்று என்பது வரவேற்கத்தக்கது. ஆனால் இரசாயன ஆலைகளின் கலன்கள் பல இச்சட்டத்தின் வரம்புக்குள் வாரா.

அவற்றில் என்ன நேரும் என்பதற்குப் போபாலைவிட வேறு சான்று தேவையில்லை. 1984 டிசம்பர் 2 ஆம் தேதி இரவு அங்கே பாதுகாப்பு வால்வு திறக்கவே செய்தது. வெளியேறிய வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரத்துக்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைச் சுத்திகரிக்கும் அமைப்பு, கட்டுமீறிய வேதிவினையின் வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டதே அல்ல. வாயு வெளியேறியதோ 33 மீட்டர் உயரத்தில். தண்ணீர்க் குழாய்கள் அந்த உயரத்தை எட்டவில்லை. மிக மோசமான நிலை எது என்று முதல் வரியில் எழுதிய எண் சிறியதாக இருந்ததால், அதற்குக் கீழே போட்ட கணக்குகள் சரியாக இருந்தும் பயனில்லாமல் போயிற்று.

எனவே, சான்றிதழோடு அதன் பின்னுள்ள கணக்கின் முதல் பக்கமும் வெளியிடப்பட வேண்டும் என்பது என் கருத்து. பொதுமக்களுக்குப் புரியாது என்று பொறியாளர்கள் சொல்வார்கள். எல்லோருக்கும் புரிய வேண்டியதில்லை. ஊருக்கு நாலு பேருக்குப் புரிந்தால் போதும். தொழில் ரகசியம் என்று நிறுவனங்கள் சொல்லும். ஆலையின் வேதிமுறையில் ரகசியம் இருக்கலாம். வால்வு எத்தனை டன் வாயுவுக்கு வடிவமைக்கப்பட்டது என்பதில் சுற்றிலும் குடியிருப்போர் அறியக்கூடாத ரகசியம் என்ன இருக்கிறது? விளம்பரப் பலகையின் அஸ்திவாரத்தில் அதுவும் இல்லை.

டிஜிட்டல் பேனர்களின் அடியில் அனுமதி எண்ணும் காலக்கெடுவும் அச்சிடப்பட வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. நிரந்தரப் பலகைகளின் தூணில் இன்னும் நான்கு எண்களை எழுதச் செய்யலாம்: கணக்கில் கொண்ட காற்று வேகம், ஆயுள், அஸ்திவாரத்தின் ஆழம், மண் பரிசோதனை செய்த தேதி. சென்னையில் நிற்கும் பலகையில் 50க்குப் பதிலாக 39 என்று இருந்தால், அவ்வழியே கல்லூரிக்குச் செல்லும் பொறியியல் மாணவி ஒருத்தி பேருந்து வருவதற்குள் கைப்பேசியிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவாள்.