ஓவர்நைட் ஓட்ஸ்: காலை உணவா, ஜாரில் அடைத்த டெசர்ட்டா?

இன்ஸ்டாவைத் திறந்தாலே ஒரு கண்ணாடி ஜார். உள்ளே ஓட்ஸ், அதன்மேல் மாம்பழம், அதற்கும் மேலே தாராளமாகத் தேன். ‘அஞ்சு நிமிஷ வேலை, அடுப்பே வேண்டாம், செம ஹெல்தி’ என்று கேப்ஷன். முதல் இரண்டும் உண்மைதான். மூன்றாவது, ஜாருக்குள் என்ன போகிறது என்பதைப் பொறுத்தது.

இந்த ஐடியா புதுசு இல்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் பிர்ஷர்-பென்னர் என்ற மருத்துவர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லிதான் இதற்கு முன்னோடி. அதில் ஒரே ஒரு டேபிள்ஸ்பூன் ஓட்ஸ்தான் இரவில் தண்ணீரில் ஊறும். காலையில் முழு ஆப்பிளைத் துருவிப் போட்டு, எலுமிச்சைச் சாறு, நட்ஸ், கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க் சேர்ப்பார்கள். அங்கே பழம்தான் ஹீரோ. நம்ம ஜாரில் பழம் வெறும் டாப்பிங் ஆகிவிட்டது.

ஓட்ஸில் என்ன ஸ்பெஷல்?

பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து. தினமும் 3 கிராம் எடுத்தால் கெட்ட கொலஸ்ட்ரால் குறைய உதவும். 40 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய பாதி கிடைத்துவிடும். பசியும் சீக்கிரம் எடுக்காது.

தேன் நேச்சுரல்தானே?

இங்கேதான் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் தேன், ஜூஸ், நாம் சேர்க்கும் வெல்லம் எல்லாவற்றையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. முழுப் பழம் அந்தக் கணக்கில் வராது. ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் தேனில் மட்டுமே சுமார் 17 கிராம் சர்க்கரை! இரண்டு ஸ்பூன் ஊற்றினால் காலையிலேயே கோட்டா காலி. ஃப்ளேவர் ஓட்ஸ் பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் பாருங்க. பொருட்கள் அளவு வரிசைப்படிதான் இருக்கும். சர்க்கரை இரண்டாவதோ மூன்றாவதோ வந்தால், திரும்ப வைத்துவிடலாம்.

எப்படிச் செய்வது?

* ரோல்டு ஓட்ஸ் 40 கிராம் போதும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் காலையில் கூழாகிவிடும்.
* காய்ச்சி ஆறிய பால் அரை டம்ளர், தயிர் இரண்டு ஸ்பூன், சியா விதை ஒரு டீஸ்பூன். கலந்து, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு வெளியே வைத்தால் கெட்டுப்போகும்.
* பழத்தைக் காலையில் சேருங்க. பப்பாளி, அன்னாசி பாலோடு ராத்திரி முழுக்க இருந்தால் கசக்கும். வாழைப்பழம் கறுத்துவிடும்.
* இனிப்பு வேண்டுமா? நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை மசித்துக் கலக்குங்க. தேனே தேவைப்படாது.

புளூபெர்ரி கட்டாயமும் இல்லை. தள்ளுவண்டியில் கிடைக்கும் கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு அதிகம். ரீல்ஸில் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மாதச் சம்பளத்தில் பெர்ரிக்கு பட்ஜெட் ஒதுக்குவது அநியாயம்.

ஆபீஸ் அவசரத்தில் சாப்பிடாமல் ஓடுவதற்கு இந்த ஜார் எவ்வளவோ மேல். ஓட்ஸைக் குறைத்து, பழத்தைக் கூட்டி, தேன் பாட்டிலை மூடி வையுங்க. அப்புறம் தாராளமா ‘ஹெல்தி’னு கேப்ஷன் போடலாம்.