நிலக்கரி வரியும் நாமம் போட்ட கணக்கும்

"காற்றாலை, சோலார் எல்லாம் சரிப்பா. சுரங்கத்தை மூடினா அந்தத் தொழிலாளிக்குக் கொடுக்க அரசாங்கத்துக்கிட்ட காசு ஏது?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காசு இருந்தது சார். டன் கணக்கில் இருந்தது. நிஜமாகவே டன் கணக்கில்தான் வசூலித்தார்கள்.

2010ல் மத்திய அரசு நிலக்கரி மேல் டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டது. பெயர், சுத்த எரிசக்தி செஸ். 2014ல் 100, 2015ல் 200, 2016ல் 400. நம்ம நெய்வேலி பழுப்பு நிலக்கரிக்கும் சேர்த்துதான். 2017-18 வரை வசூலானது 86 ஆயிரம் கோடிக்கு மேல். இதற்காகவே உருவாக்கிய தேசிய சுத்த எரிசக்தி நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30 ஆயிரம் கோடிக்கும் குறைவு. அதிலும் திட்டங்களுக்குக் கொடுத்தது சுமார் 16 ஆயிரம் கோடி. கங்கையைச் சுத்தம் செய்யக்கூட இதிலிருந்து பணம் போனது. (கங்கை சுத்தமாச்சா என்று என்னைக் கேட்காதீர்கள் :-)) நிலக்கரி வெட்டியவனின் மறுவாழ்வு என்பது அந்த நிதியின் நோக்கத்திலேயே இல்லை.

2017ல் ஜிஎஸ்டி வந்தது. அதே 400 ரூபாய், மாநிலங்களுக்கான நஷ்டஈட்டு செஸ் என்று பெயர் மாறியது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, நிலக்கரிக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். இப்போது அந்தப் பணம் பொதுக் கணக்கில் கரைந்துபோகிறது. தேடினாலும் கிடைக்காது.

"இந்தியா இன்னும் நிலக்கரியைத்தானே நம்பியிருக்கு, இப்ப என்ன அவசரம்?" என்பீர்கள். பி.காம். படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? சிங்கிங் ஃபண்ட் என்று எதற்குப் படித்தோம்? இயந்திரம் ஓடும்போதே வருஷா வருஷம் எடுத்து வைக்கணும், நின்ற பிறகு இல்லை. இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, இருபது வருஷம் அதை ஓட்டியவனின் முதுகெலும்புக்கு எழுதத் தெரியவில்லை.

ஜெர்மனியில் 2020ல் நிலக்கரியிலிருந்து வெளியேறச் சட்டம் போட்டார்கள். கடைசிக் கெடு 2038. நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கீடு. வேலை இழக்கும் 58 வயது தாண்டிய தொழிலாளிக்கு, ஓய்வூதியம் கிடைக்கும்வரை ஐந்து வருஷம் வரை உதவித்தொகை. பணக்கார நாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே சட்டத்தோடு சேர்ந்தே பணமும் வந்தது. இங்கே பணம் பத்து வருஷம் முன்னாடியே வந்து, காணாமலும் போய்விட்டது.

அடுத்த சமாதானம், "சோலார்ல வேலை வருதே". வருகிறது, ராஜஸ்தானின் பட்லாவில். சத்தீஸ்கர் கோர்பாவில் லாரி ஓட்டுகிறவர் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய் பேனல் துடைப்பாரா? அவருக்கு டீ ஆற்றுகிறவர் எங்கே போவார்? நிரந்தர ஊழியருக்காவது பி.எஃப்., பென்ஷன் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியை கேட்டுக்கு வெளியே நிறுத்தக் காண்டிராக்டரின் ஒரு வார்த்தை போதும்.

2015லிருந்து மாவட்ட கனிம அறக்கட்டளை இருக்கிறதே என்று ஒருவர் நிச்சயம் வருவார். இருக்கிறது. சுரங்கம் கட்டும் ராயல்டியோடு சேர்ந்து வருகிற பணம் அது. சுரங்கம் மூடினால் ராயல்டி நிற்கும், அந்தப் பணமும் நிற்கும். சரியாக எந்த நாளில் உதவி தேவையோ, அந்த நாளில்!