கதை முடிந்த பிறகு

பாட்டியிடம் கதை கேட்டு வளராதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். "கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது" என்று அவள் முடித்ததும் நாம் என்ன கேட்டோம்? "இன்னொரு தடவை சொல்லு" என்றுதான் கேட்டோம். அவளும் சலிக்காமல் சொன்னாள். "இக்கதையால் அறியப்படும் நீதி யாது?" என்று அவள் நம்மை ஒருநாளும் மடக்கியதில்லை. "நரியின் குணங்களை ஐந்து வரிகளில் எழுதுக" என்று சிலேட்டை நீட்டியதும் இல்லை. ஆயினும் அவள் சொன்ன நரி இன்றும் நம் நெஞ்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாடப் புத்தகத்து நரிகளோ தேர்வு முடிந்த அன்றே காட்டுக்கு ஓடிவிட்டன!

கதை முடிந்த பிறகு தொடக்கப் பள்ளி வகுப்பறையில் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். பல்கலைக் கழக மாணவர்களாகிய நமக்கு இது சிறுபிள்ளை விஷயமாகத் தோன்றலாம். அன்று, நண்பர்களே, அன்று! கிராமங்களில் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து எழுதப்படும் 'அசர்' அறிக்கையின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் நூறு பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. ஐந்தாண்டுகள் பள்ளிக்குப் போன பிறகும் பாதிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் ஊமையாகவே இருக்கிறது. இதைவிடப் பெரிய விஷயம் வேறு எது?

இன்றைய வகுப்புகளில் கதைப் புத்தகத்துக்கு இரண்டு விதமான கேடு நேர்கிறது. ஒன்று பழைய கேடு. மற்றொன்று புதிய கேடு.

பழைய கேட்டை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். கதையை ஒருவன் உரக்க வாசிப்பான். ஆசிரியர் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவார். விடைகளையும் அவரே எழுதிவிடுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். கடைசியில் நீதி. அத்துடன் கதைக்கு ஈமக்கடன் முடிந்தது!

புதிய கேடு அழகிய உடையில் வருகிறது. 'செயல்வழிக் கல்வி' என்று அதற்குப் பெயரும் சூட்டிவிடுகிறார்கள். யானைக் கதை படித்தால் யானைக்கு வண்ணம் தீட்டுவது. அரசன் கதை படித்தால் அட்டையில் மகுடம் வெட்டுவது. பிள்ளைகள் மகிழ்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த மகுடத்தை வெட்டுவதற்குக் கதையைப் படித்திருக்க வேண்டும் என்ற அவசியம் உண்டா? இல்லையே! கத்தரிக்கோல் இருந்தால் போதும். சுவரிலே தொங்கும் மகுடங்களைப் பார்த்து மேலதிகாரி பாராட்டிவிட்டுப் போவார். புத்தகம் ஒரு மூலையில் கிடக்கும்.

ஆகவே நல்ல செயலையும் வீண் செயலையும் பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். நான் கூறும் உரைகல் இது: செயலில் ஈடுபட்ட குழந்தை அந்தப் புத்தகத்தை மறுபடியும் தானாகத் திறக்கிறதா? திறந்தால் அது நல்ல செயல். புத்தகத்தை மூடிவைத்துவிட்டே அதைச் செய்ய முடியுமானால், அது கைவேலை வகுப்புக்கு உரியது. வாசிப்பு வகுப்புக்கு உரியது அன்று.

எடுத்துக்காட்டாக, பஞ்சதந்திரத்துச் சிங்கமும் முயலும் கதையை எடுத்துக்கொள்வோம். முயல் தாமதமாக வருகிறது. வேறொரு சிங்கம் வழிமறித்தது என்று பொய் சொல்கிறது. கிணற்றில் தன் நிழலைக் கண்டு சிங்கம் பாய்கிறது. "அறிவே ஆற்றல்" என்று எழுதிவைத்து விட்டுவிடலாம். அல்லது, ஒரு பிள்ளையை முயலாக்கி, ஒரு பிள்ளையைச் சிங்கமாக்கி, "சிங்கம் நம்பும்படி பொய்யைச் சொல் பார்ப்போம்" என்று கேட்கலாம். முதல் முயல் தடுமாறும், சிங்கம் நம்பாது. உடனே வகுப்பு முழுவதும் புத்தகத்தைப் புரட்டும்! முயல் முதலில் என்ன சொன்னது, சிங்கத்தின் கோபத்தை எந்தச் சொல்லால் கிளறியது என்று தேடும். அந்தத் தேடல்தான் வாசிப்பு. பிறகு ஒரு வாளித் தண்ணீரை வகுப்பின் நடுவே வைத்து முகம் எப்போது தெரிகிறது, எப்போது தெரிவதில்லை என்று பார்க்கலாம். முயலுக்கு முதல்நாள் சிங்கத்துக்கு இரையாகச் சென்ற விலங்கு எது, அன்று அதன் வீட்டார் என்ன பேசிக்கொண்டனர் என்று எழுதச் சொல்லலாம். "சிங்கம் செத்துக் கிடக்கும் கிணற்றுத் தண்ணீரை இனி யார் குடிப்பார்?" என்று ஒரு வாண்டு கேட்கவும் கூடும். அந்தக் கேள்விக்கு விடை ஆசிரியருக்கும் தெரியாது, புத்தகத்திலும் இல்லை. ஆசிரியருக்கு விடை தெரியாத கேள்வி எழும் வகுப்பில்தான் குழந்தைகள் மெய்யாகப் பேசத் தொடங்குகிறார்கள்.

வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றையும் பார்ப்போம். எரிக் கார்ல் என்பவர் 1969-இல் வெளியிட்ட பசித்த புழுவின் கதை நம் நாட்டு ஆங்கிலப் பள்ளிகளிலும் நன்கு அறிமுகமானது. புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிள் தின்னும். செவ்வாயன்று இரண்டு பேரிக்காய். இப்படி வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து ஆரஞ்சு வரை போகும். சனிக்கிழமை கேக்கும் ஐஸ்கிரீமும் தின்று வயிற்று வலியால் துடிக்கும். ஞாயிறன்று ஒரு பச்சை இலையைத் தின்று தேறும். பிறகு கூடு கட்டி, வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். இதற்கு நம் வகுப்புகளில் செய்யப்படும் வேலை என்ன? முட்டை அட்டையை வெட்டி, பச்சை வண்ணம் பூசிப் புழு செய்வது!

அட்டைப் புழு எதற்கு? பள்ளித் தோட்டத்து எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் உயிருள்ள புழு இருக்கிறதே! இளம் பருவத்தில் பறவையின் எச்சம் போலத் தோன்றி எதிரியை ஏய்க்கும். வளர்ந்தபின் இலையின் பச்சையையே மேனியில் பூண்டுகொள்ளும். அதைக் கிளையோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, நாள்தோறும் புதிய இலை கொடுத்து வளர்த்தால், சில வாரங்களுக்குள் வகுப்பிலேயே ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகு விரிக்கும். அதற்குள் குழந்தைகள் புத்தகத்தோடு சண்டைக்குப் போயிருப்பார்கள். "நம் புழு ஆப்பிளைத் தொடவே இல்லையே, கறிவேப்பிலை மட்டுந்தானே தின்கிறது?" என்பான் ஒருவன். "இது பட்டுக்கூடு கட்டவில்லையே, நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு வெறுமனே தொங்குகிறதே?" என்பாள் மற்றொருத்தி. அவள் சொல்வது சரி. இழையால் கூடு நூற்றுக்கொண்டு உள்ளே உறங்குவது பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சி இனத்தின் வழக்கம். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்கு அத்தகைய போர்வை கிடையாது. அச்சிட்ட புத்தகத்திலும் பிழை இருக்கலாம் என்பதை எட்டு வயதிலேயே தன் கண்ணால் கண்டு தெளிந்த குழந்தையை, பின்னாளில் அச்சிட்ட பொய்யைக் காட்டி எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. இதைவிட உயர்ந்த நீதி உண்டா?

நீதியே இல்லாத கதைகளும் வேண்டும். 2008-இல் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் 'பர்கா' என்ற வரிசையில் நாற்பது சிறு புத்தகங்களை இந்தியில் வெளியிட்டது. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்காக நான்கு படிகளாக அமைக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றின் பெயர் 'உப்பிய ரொட்டி'. அரசனும் இல்லை, அசுரனும் இல்லை. அடுப்படியில் ரொட்டி உப்பும் அதிசயந்தான் கதை. எந்தக் குடிசைப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. இதைப் படித்த வகுப்பில், "உங்கள் வீட்டில் ரொட்டி சுடுபவர் யார்? எல்லா ரொட்டியும் உப்புமா? ஏன் உப்புகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறவாத பிள்ளையும் வாய் திறக்கும். அது சொன்ன வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதினால், நாளைக்கு அந்த வாக்கியத்தை அது தானே வாசிக்கும். ஏனெனில் அது தன் சொந்த வாக்கியம்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இதில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொரு மொழியும் பேசுகிறார்கள். ஒரே கதை இரு மொழியிலும் கிடைத்தால், இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். தமிழ்க் கதையில் நாய் 'லொள் லொள்' என்கிறது. இந்திக் கதையில் 'பௌம் பௌம்' என்கிறது. நம் சேவல் 'கொக்கரக்கோ' என்று கூவ, அவர்கள் சேவல் 'குக்கடூங்கூ' என்கிறது. சேவல் ஒன்று, காது இரண்டு! வகுப்பிலே இந்தி பேசும் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகும் நேரம் இது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் இத்தகைய பன்மொழிக் கதைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. அச்சிட்டுக் கொடுக்கவும் தடை இல்லை.

இவையெல்லாம் புதுமோகம் என்று எவரும் எண்ண வேண்டாம். வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளிடம் வந்த கிஜுபாய் பதேகா, 1920-இல் குஜராத்தின் பவநகரில் பாலமந்திரத்தைத் தொடங்கினார். 'மீசை வைத்த அம்மா' என்று மக்கள் அவரை அழைத்தனர். அவர் எழுதிய 'திவாஸ்வப்னம்' என்னும் பகற்கனவு நூலில் வரும் ஆசிரியர், நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டுக்குக் கேட்டு வாங்குகிறார். முதல்நாள் பிள்ளைகளை அமைதியாக உட்காரவைக்க முயன்று தோற்கிறார். அடுத்த நாள் கதை சொல்கிறார். வகுப்பு அவர் கைக்குள் வந்துவிடுகிறது. பாடப் புத்தகத்துக்கென வைத்திருந்த பணத்தில் கதைப் புத்தகம் வாங்கி வகுப்பு நூலகம் அமைக்கிறார். மற்ற ஆசிரியர்கள் நகைக்கிறார்கள். ஏறக்குறைய நூறாண்டு ஆகப்போகிறது. அந்த நகைப்பு மட்டும் நம் பள்ளிகளில் இன்னும் ஓயவில்லை.

"எழுத்தே தெரியாத பிள்ளைக்குக் கதையும் கூத்தும் எதற்கு? முதலில் எழுத்தைக் கற்பியுங்கள்" என்பார் உளர். அவர் கவலையை நான் மதிக்கிறேன். எழுத்தை முறையாகக் கற்பித்தே தீர வேண்டும். கதை அதற்கு மாற்று அன்று. ஆனால் எதை வாசிப்பதற்காக எழுத்தைக் கற்கிறோம் என்று தெரியாத பிள்ளை, கற்ற எழுத்தையும் கைவிட்டுவிடும். நீச்சல் கற்பவனுக்குக் குளத்தைக் காட்ட வேண்டாமா? "பாடத்திட்டம் முடியாதே, நேரம் ஏது?" என்பார் வேறு சிலர். நாற்பது நிமிடம் கேள்வி-விடையைப் பார்த்தெழுதும் நேரத்தில் பாதியைத் தந்தால் போதும். வேறு நேரம் வேண்டா.

மெய்யான தடை வேறிடத்தில் இருக்கிறது. அது அலமாரியின் பூட்டு. இந்நாட்டில் குழந்தை நூல்களுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. நேஷனல் புக் டிரஸ்டும், கேலிச்சித்திரக்காரர் சங்கர் நிறுவிய சில்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957-இலேயே தோன்றிவிட்டன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிதோறும் கதைப் புத்தகங்களுடன் கூடிய நூலகம் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. 2018-இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டம் நூலகத்துக்கென்று பள்ளிக்கு ஆண்டுதோறும் 5,000 முதல் 20,000 ரூபாய் வரை வகுத்தது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் சின்னஞ்சிறு நூல்களை வெளியிட்டது. புத்தகம் வருகிறது, ஆனால் பல பள்ளிகளில் அலமாரிக்குள் போய்விடுகிறது. 1987-இல் வந்த கரும்பலகைத் திட்டத்தின் பொருள்களும் எத்தனையோ பள்ளிகளில் இப்படியே பெட்டிக்குள் உறங்கின.

இதற்கு ஆசிரியரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. இருப்புப் பதிவேட்டில் புத்தகம் ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கிழிந்த புத்தகத்துக்குத் தம் சம்பளத்திலிருந்து கட்ட நேருமோ என்று அஞ்சுபவர், பூட்டைத்தான் நம்புவார். எனவே மாற்ற வேண்டியது பதிவேட்டின் விதியை. நூறு புத்தகத்துக்கு இத்தனை என்று ஆண்டுதோறும் கிழிசலுக்குக் கணக்கு எழுதிக் கழித்துவிட ஆசிரியருக்கு உரிமை வேண்டும். அதற்கும் ஒருபடி மேலே சென்று, ஆய்வுக்கு வரும் அதிகாரி, "எத்தனை புத்தகம் காணோம்?" என்று கேட்பதை விட்டு, "ஓராண்டாகியும் கிழியாத புத்தகங்கள் எத்தனை? ஏன் கிழியவில்லை?" என்று கேட்க வேண்டும்! பளபளக்கும் அட்டையோடு ஐந்தாண்டு இருக்கும் கதைப் புத்தகமே அரசாங்கத்துக்கு உண்மையான நட்டம்.

விதிகளை மாற்றும் அதிகாரம் இன்று நம் கையில் இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். பொங்கல் விழாவுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் நாம் திரட்டும் நன்கொடையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் இருமொழிக் கதைப் புத்தகங்கள் ஐம்பது வாங்கலாம். அருகிலுள்ள தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, வாரம் ஒருமணி நேரம் இருவர் இருவராகச் செல்லலாம். கத்தரிக்கோலும் வண்ணத்தாளும் வேண்டா. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கறிவேப்பிலைக் கிளையும் போதும். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக எவரேனும் கொண்டுவருவாரானால் வழிமொழிய நான் காத்திருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஐம்பது புத்தகங்களுக்கும் பூட்டு வாங்கக் கூடாது.