பந்துக்குப் பயப்படும் பிள்ளை

'பயந்தாங்கொள்ளி' என்று நாலு பேர் எதிரில் கேலி செய்தால் பிள்ளையின் பயம் போய்விடும் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். 'இரண்டு அடி பட்டால் தானே தெளியும்' என்று சொல்லும் பயிற்சியாளர்களும் உண்டு. நான் இதை ஒப்புக்கொள்வதில்லை.

மாதுங்கா, செம்பூர் சந்துகளில் டென்னிஸ் பந்தில் ஆடும்வரை நம் பிள்ளைகள் எல்லோரும் சூரர்கள்தான். பத்து வயதானதும் சிவாஜி பார்க்கிலோ ஆசாத் மைதானத்திலோ வலைப்பயிற்சிக்குச் சேர்த்துவிடுகிறோம். அங்கே தோல் பந்து. டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இராது. 13 வயதுக்கு உட்பட்டோருக்கான கிரிக்கெட் பந்தே 133 முதல் 144 கிராம். அது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், கிரீஸுக்குக் கிரீஸ் உள்ள 17.7 மீட்டரைக் கடக்க 0.8 விநாடி போதும். இதற்குப் பயப்படாவிட்டால்தான் ஆச்சரியம்!

பயம் பொய்யுமல்ல. 1962-ல் பார்படாஸில் நம் அணித் தலைவர் நாரி காண்ட்ராக்டரின் மண்டையோடு உடைந்தது. 1998-ல் டாக்காவில், ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற ராமன் லம்பா உயிரையே இழந்தார். பேட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் தகப்பனார்கள் ஹெல்மெட் என்றதும் யோசிக்கிறார்களே, அது எனக்கு விளங்கவில்லை.

பயந்த பிள்ளை என்ன செய்கிறான்? கண்ணை மூடி, முகத்தைத் திருப்பி, ஸ்கொயர் லெக் பக்கம் ஒதுங்குகிறான். அடி படுவதே அதனால்தான். பந்தைக் கடைசிவரை பார்ப்பவனுக்குத்தான் குனியவோ விலகவோ முடியும். ஆகவே, 'பயப்படாதே' என்று அதட்டுவதைவிடப் பார்க்கப் பழக்குவது மேல்.

ரயில்வேயில் நான் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன். ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்ட பாதையில் அன்றைக்கே எக்ஸ்பிரஸை முழு வேகத்தில் விடமாட்டோம். காஷன் ஆர்டர் போட்டு முதலில் 20 கிலோமீட்டர். வண்டிகள் ஓட ஓட ஜல்லி இறுகும்; பேக்கிங் செய்து, 45, 75 என்று உயர்த்துவோம். அவசரப்பட்டால் பாதை உட்கார்ந்துவிடும்.

பதினோரு வயதுப் பேரனுக்கும் அதே முறைதான். நாலைந்து டென்னிஸ் பந்துகளில் ஆளுக்கொரு நிறமாகப் பட்டை தீட்டினேன். காம்பவுண்டில் ஐந்து மீட்டர் தள்ளி நின்று, கையைத் தாழ்த்தி மெல்ல வீசுவேன். "அடிக்க வேண்டாம் கண்ணா, என்ன கலர்னு மட்டும் சொல்லு." இரண்டு வாரம் இதுதான். நிறத்தைத் தேடும் கண்ணுக்குப் பயப்பட நேரமில்லை. பிறகு தண்ணீரில் நனைத்த டென்னிஸ் பந்து, அதன்பின் மெத்தென்ற ரப்பர் பந்து. கடைசியில் ஹெல்மெட், பேடு, கார்டு எல்லாம் போட்டுத் தோல் பந்து. ஒவ்வொரு படியிலும் தூரத்தையும் வேகத்தையும் அவனே தீர்மானித்தான். மூன்றாம் மாதம் ஒரு பந்து தொடையில் பட்டது. தேய்த்துக்கொண்டான், "இன்னொண்ணு போடுங்க தாத்தா" என்றான்.

ஒரே வலையில் நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் பயிற்சியாளருக்கு இதற்கு அவகாசமில்லை. வீட்டில் நாம்தான் செய்ய வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கேரம் போர்டு எங்கும் ஓடிவிடாது.

நம் சங்கத்தின் விளையாட்டு விழாவில், தோல் பந்து ஆட்டத்துக்கு ஹெல்மெட் இல்லாத சிறுவரை இறக்குவதில்லை என்று செயற்குழு முடிவு செய்ய வேண்டும். இரண்டு ஹெல்மெட்டுகளை நான் வாங்கித் தருகிறேன்.