ஊர் நிலத்தில் பங்கு: விற்கும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

ஜார்ஜ்டவுன் – தமிழ்நாட்டில் அப்பா விட்டுச் சென்ற நாலு ஏக்கர் வயல். உயில் இல்லை. பிள்ளைகளில் இருவர் ஊரில். இருவர் பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும். ஒருநாள், ஊரிலுள்ள அண்ணன் தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டதாகச் செய்தி வருகிறது. "எங்களைக் கேட்காமல் எப்படி விற்கலாம்?" பினாங்குத் தமிழர் வீடுகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

இந்தியச் சட்டம் அந்தக் கேள்விக்கு இடம் தருகிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு இதைப் பற்றியது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து மனைவி, மகன், மகள், தாய் போன்ற முதல் வகுப்பு வாரிசுகளுக்கு வந்தபின், ஒருவர் தம் பங்கை விற்க முன்வந்தால், அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. விலையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். பலர் கேட்டால் அதிக விலை தருபவருக்கே பங்கு.

விவசாய நிலத்துக்கும் இது பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் மாறுபட்டன. விவசாய நிலம் மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதே காரணம். இமாச்சலப் பிரதேசத்தில் சகோதரரைக் கேட்காமல் மற்றொரு சகோதரர் விற்ற நிலம் தொடர்பான வழக்கில், 2019 மார்ச் 7-இல் இந்திய உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. வாரிசுரிமை மத்திய அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால், 22-ஆவது பிரிவு விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்றது. வாங்கிய வெளியாளின் மேல்முறையீடு தள்ளுபடியானது.

ஆனால் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு இங்கேதான் சிக்கல். இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்படி, ஓசிஐ அட்டை இருந்தாலும் விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வரும் பங்கை வைத்திருக்கலாம். அண்ணன் பங்கை விலைக்கு வாங்க அந்தத் தடை குறுக்கே நிற்கும். அந்த முன்னுரிமையைத் தடையின்றிப் பயன்படுத்தக்கூடியவர் ஊரிலுள்ள உடன்பிறப்பே.

அதே வேளை, பினாங்கில் இருப்பவர் தம் பங்கை விற்க நினைத்தால், முதலில் ஊரிலுள்ள உடன்பிறப்புகளைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் தரகர் வழியே விற்றால், வாங்கியவர் நீதிமன்றம் ஏற நேரிடும். ஆக, 22-ஆவது பிரிவு இங்குள்ளவர்களுக்கு உரிமையாகக் கைகொடுப்பதைவிடக் கடமையாகவே அதிகம் வந்து சேர்கிறது.

இந்தப் பிரிவு முஸ்லிம் குடும்பங்களுக்குப் பொருந்தாது. இஸ்லாமியச் சட்டத்தில் 'ஷுஃபா' என்ற முன்வாங்கும் உரிமை இருந்தாலும், சென்னை உயர் நீதிமன்றம் 1870-இலேயே அதை ஏற்க மறுத்துவிட்டது.

மலேசிய நிலத்தில் நிலைமை வேறு. தேசிய நிலச் சட்டத்தின்படி, கெரானில் பெயருள்ள ஒருவர் தம் பிரிக்கப்படாத பங்கை மற்றவர் சம்மதமின்றி விற்கலாம். உடன்பிறப்புக்குச் சட்டப்படியான முன்னுரிமை இல்லை. பிரித்துக்கொள்ளலாம் என்றாலும், விவசாய நிலத்தில் ஒவ்வொரு துண்டும் 0.4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு, குறையக்கூடாது. பாலிக் புலாவில் இரண்டு ஏக்கர் டுரியான் தோட்டத்தை நான்கு பிள்ளைகள் அப்படிப் பிரிக்க வழியில்லை. இணக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான்.

எனவே மலேசிய நிலத்தில் சட்டம் தராத முன்னுரிமையைக் குடும்பமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "விற்பதானால் முதலில் உடன்பிறப்புகளுக்கு, இன்ன முறையில் மதிப்பிட்ட விலையில்" என்று வழக்கறிஞர் முன் ஓர் ஒப்பந்தம் செய்தால், கையெழுத்திட்டவர்களை அது கட்டுப்படுத்தும்.

ஊர் நிலத்துக்கு வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் இப்போதே எடுத்துப் பார்ப்பது நல்லது. விற்கும் அதிகாரத்தோடு ஊருக்குப் பவர் பத்திரம் அனுப்பும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே பேசி முடிக்காத பங்குதான் பிறகு பங்காளிகளைப் பகையாளிகளாக்குகிறது.